விடிய விடியப் படிக்கிறான் என்று பெருமை பேசாதீர்கள்

நம் ஆரணியில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. "எங்க பையன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிக்கிறான்" என்கிறார் ஒருவர். "எங்க பொண்ணு நாலு மணிக்கெல்லாம் எழுந்துடுறா" என்கிறார் இன்னொருவர். நெசவாளர் சொசைட்டியில் புடவை கொடுக்கப் போன இடத்தில், டியூஷன் வாசலில், கல்யாண வீட்டில், எங்கே பார்த்தாலும் இதே பெருமை. அந்தப் பிள்ளைகள் எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை.

சில மாதம் கழித்து அதே பெற்றோர் வேறு குரலில் பேசுகிறார்கள். "எதைக் கேட்டாலும் எரிஞ்சு விழுறான்." "முன்ன மாதிரி யார்கிட்டயும் பேசுறதில்ல." "சாப்பாடு இறங்கல, ஆளே இளைச்சுட்டா." "புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு சுவத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா." வயசுக் கோளாறு என்கிறோம், திமிர் என்கிறோம், கண்ணு பட்டுடுச்சு என்று சுத்திப் போடுகிறோம், போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். முதலில் பேசிய பெருமைக்கும் பிறகு வந்த புலம்பலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஏன் நமக்குத் தோன்றவே மாட்டேன் என்கிறது? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொடர்பைப் புரிந்துகொள்ள முதலில் உடம்புக்குள் பார்க்க வேண்டும். மூளையின் அடிப்பக்கத்தில், இரண்டு கண்ணிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறிய திரள் ஒன்று இருக்கிறது. எப்போது தூக்கம் வரவேண்டும், எப்போது பசிக்க வேண்டும், உடல்சூடு எப்போது ஏறி எப்போது இறங்க வேண்டும் என்பதற்கெல்லாம் தாளம் போடும் உடல் கடிகாரம் அதுதான். அதைத் தன் போக்கில் ஓட விட்டால் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடும். காலையில் கண்ணில் விழும் வெளிச்சம்தான் தினமும் அதைத் திருத்தி வைக்கிறது. இருட்டியதும் மெலடோனின் என்ற சுரப்பு ரத்தத்தில் கூடுகிறது; இரவு வந்துவிட்டது என்று உடம்பு முழுக்க அறிவிப்பது அதன் வேலை. விளக்கும் போனும் கண்ணில் அடித்துக்கொண்டே இருந்தால் அந்த அறிவிப்பு தள்ளிப்போகும். உடம்பின் செல்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுசொன்ன ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஓர் அருமையான ஆய்வு நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இந்த உடல் கடிகாரத்தையே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் வெளிச்சமே எட்டாத குகை ஆழத்தில் சில வௌவால்களைக் கூண்டில் வைத்துக் கவனித்தார்கள். குகையில் மற்ற வௌவால்கள் கூட்டமாக வாழ்ந்தவரை, கூண்டில் இருந்தவையும் அந்தக் கூட்டம் இரைக்குப் பறந்து போகும் நேரத்தையும் திரும்பி வரும் நேரத்தையும் ஒட்டியே தங்கள் நாளை வைத்துக்கொண்டன. வெளியே பகலா இரவா என்று அவற்றுக்குத் தெரிய வழியில்லை. சுற்றி இருந்த கூட்டத்தின் நடமாட்டமே போதுமாக இருந்தது. தங்கள் இனமே இல்லாத குகையில் வைத்தபோதோ, அவற்றின் நாள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி வெளியுலகத்து நாளோடு ஒட்டாமல் போயிற்று. 1981இல் வெளிவந்த ஆய்வு இது. பிற்பாடு மனிதர்களையும் வைத்துப் பார்த்தார்கள். கடிகாரமோ வெயிலோ எட்டாத தனியறை ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் அமைத்து, விரும்பி வந்தவர்களை நாள்கணக்கில் தனியே தங்கவைத்தார்கள். அவர்களுடைய நாளும் நழுவியது. சிலருக்குத் தூக்கம் ஒரு தாளத்திலும் உடல்சூடு இன்னொரு தாளத்திலும் பிரிந்தே போய்விட்டன.

அந்தக் கூண்டு வௌவால்களை என்னால் மறக்க முடியவில்லை. மனிதருக்கு வெளிச்சம்தான் முதல் அடையாளம், சந்தேகமில்லை. ஆனாலும் வீட்டில் மற்றவர்கள் எழும் நேரம், அடுப்பு பற்றவைக்கும் நேரம், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் நேரம், விளக்கை அணைக்கும் நேரம் இவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு பிள்ளையின் நாளைக் கட்டி நிறுத்துகின்றன. அந்தக் கூட்டம் நாம்தான். நமக்கே ஒரு நேரமும் காலமும் இல்லாமல் போய்விட்டதே, அதற்குப் பிள்ளையைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

முன்பு நம் தெருவின் நாள் எப்படி இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று வீட்டுக்கு ஒருவர் வந்து கைகொடுப்பார்கள். பட்டு இழை அறுந்தால் கண்டுபிடித்துப் பிணைக்கப் பகல் வெளிச்சம்தான் தோது என்பதால் பொழுது சாய்ந்ததும் தறியை விட்டு எழுந்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கடனும் பசியும் அப்போதும் இருந்தன, பிள்ளைகளையே தறியில் உட்காரவைத்த கொடுமையும் இருந்தது. ஆனால் இரவு என்று ஒன்று இருந்தது. இன்று தறிக்கு மேலே தொங்கும் டியூப் லைட் பதினொரு மணிக்கும் எரிகிறது. முகூர்த்த மாதம் நெருங்கினால் மாஸ்டர் வீவர் அவசரப்படுத்துவார். புடவைக் கணக்கில் கூலி வாங்குகிறவர் என்ன செய்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்யாறு சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் அம்மாவையும் குறை சொல்ல மாட்டேன். வயிற்றுப்பாட்டுக்காகத் தூக்கத்தை விடுகிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தறி இருக்கும் அதே கூடத்தில், அதே வெளிச்சத்தில், நாடா ஓடும் சத்தத்தில்தானே பிள்ளையின் பாயையும் போடுகிறோம்? உள்ளறையிலோ, குறைந்தபட்சம் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டி அதற்கு அந்தப் பக்கமோ போடக் கூடாதா? வேலை முடிந்த பிறகும் அடுத்த ஒரு மணி நேரம் ரீல்ஸ் பார்க்கிறோமே, அதற்கு எந்த மாஸ்டர் வீவர் நம்மை அவசரப்படுத்தினார்?

தூக்கம் என்றால் படுத்துக்கிடக்கும் நேரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சென்னையில் குறைந்த வருமானத்தில் வாழும் 452 பேரின் தூக்கத்தைக் கையில் கருவி கட்டி அளந்து, 2021இல் வெளியிட்டார்கள். இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். புழுக்கம், கொசு, சத்தம், வெளிச்சம் எல்லாம் அடிக்கடி எழுப்பிவிட்டுக்கொண்டே இருந்தன. அதே ஆய்வில் வேலையிடத்தில் மதியம் அரை மணி நேரம் அமைதியாகத் தூங்கவிட்டபோது வேலைத்திறனும் மனநிலையும் தேறின. ஆகவே நம் பிள்ளை ஏழு மணி நேரம் படுத்திருந்தான் என்பதை வைத்து ஏழு மணி நேரம் தூங்கினான் என்று கணக்குப் போடாதீர்கள். மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்தால் "சோம்பேறி" என்று எழுப்பவும் எழுப்பாதீர்கள். அரை மணி நேரம் போதும். சாயங்காலம் வரை நீண்டால் இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும்.

இனி மனச்சோர்வுக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த 15,659 பிள்ளைகளின் விவரங்களைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கேங்விஷ் குழுவினர் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது ஒரு விஷயம்: பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்று பெற்றோர் விதித்திருக்கிறார்கள்? பத்து மணிக்குள் படு என்று சொன்ன வீட்டுப் பிள்ளைகளைவிட, பன்னிரண்டு மணிக்கு மேல் படுத்தாலும் சரி என்று விட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 24 விழுக்காடு கூடுதலாக இருந்தது. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் வரும் வாய்ப்பு 20 விழுக்காடு கூடுதல். ஐந்து மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கிய பிள்ளைகளிடம் மனச்சோர்வு இன்னும் அதிகம். மறுபடி படியுங்கள்: பெற்றோர் விதித்த நேரம். நம்மைத்தான் சொல்கிறார்கள்.

பெரியவர்களிடமும் இதே கதைதான். பிரிட்டனில் 91,105 பேர் ஒரு வாரம் கையில் கருவி கட்டிக்கொண்டார்கள். பகலில் சுறுசுறுப்பும் இரவில் ஓய்வும் என்ற வேறுபாடு யாரிடம் மங்கிக் கிடந்ததோ அவர்களிடம் மனச்சோர்வு நோய் அதிகம் இருந்தது என்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் 2018இல் எழுதினார்கள். மரபணுக்களை வைத்து எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த 2021 ஆய்வு இன்னொரு படி மேலே போகிறது: உறங்கும் வேளை ஒரு மணி நேரம் முன்னால் வந்தால் மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு 23 விழுக்காடு குறைகிறது.

இதைக் கேட்டுவிட்டு, தூக்கத்தைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். மனச்சோர்வுக்கு ஆயிரம் காரணம் உண்டு. வீட்டில் அடிதடி, கடன்காரர் வாசலில் நிற்பது, பள்ளியில் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, சொல்ல முடியாத தொல்லை ஏதாவது, பரம்பரைக் கூறு என்று எதுவாகவும் இருக்கலாம். தூக்கம் கெட்டு மனம் சோர்வதும் உண்டு. மனம் சோர்ந்து தூக்கம் கெடுவதும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கீழே போகும். ஆனால் மற்ற காரணங்களில் பலவற்றை ஒரே நாளில் நம்மால் மாற்ற முடியாது. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைப்பதை இன்றைக்கே செய்யலாம்.

பிள்ளைகள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். பூப்படையும் வயதில் இந்த உடல் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் நகர்கிறது. பதினைந்து வயதுப் பையனுக்கு ஒன்பது மணிக்குத் தூக்கம் வராதது அடம் கிடையாது, வளர்ச்சி. அமெரிக்காவின் மேரி கார்ஸ்கடான் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். 13 வயது முதல் 18 வயது வரை இருப்பவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் கணக்கு. பத்தரை மணிக்குத் தூங்குகிறவன் ஆறரைக்கு எழுந்தால்தான் எட்டு மணி நேரம் ஆகும். ஐந்து மணி டியூஷனுக்கு நாலரைக்கு எழுப்புகிறீர்களே, அந்த இரண்டு மணி நேரத்தை அவன் எங்கே போய்ச் சம்பாதிப்பான்?

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2014இலிருந்து, பள்ளியைக் காலை 8.30 மணிக்கு முன்னால் தொடங்காதீர்கள் என்று மன்றாடுகிறார்கள். கலிபோர்னியா மாநிலத்தில் சட்டமே போட்டு 2022இலிருந்து உயர்நிலைப் பள்ளிகளை 8.30க்குத் தள்ளினார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூட மணி அடிப்பதே ஒன்பது மணி வாக்கில்தான். அங்கே போராடி வாங்கிய காலை நேரம் நம் பிள்ளைக்குச் சும்மாவே கிடைத்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் டியூஷனுக்குக் கொடுத்துவிட்டு, கூடவே பணத்தையும் கட்டுகிறோம்.

"எங்க தாத்தா நாலு மணிக்கு எழுந்தாரே" என்பீர்கள். எழுந்தார். எட்டு மணிக்குப் படுத்தார். பிரம்ம முகூர்த்தத்தில் எழுவது நல்லது என்று சொல்கிறவர்கள் அதற்கு முந்தைய இரவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"தூங்கினால் மார்க் போயிடுமே" என்பீர்கள். பகலில் படித்தது நினைவில் படிவதே தூக்கத்தில்தான். இந்தியா முழுவதும் ஒரே மணி என்பதால் நாட்டின் மேற்கே இருக்கும் ஊர்களில் சூரியன் தாமதமாக மறைகிறது. பள்ளி மணி மட்டும் தாமதமாவதில்லை. மௌலிக் ஜக்னானி என்ற பொருளியல் ஆய்வாளர் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார். சூரியன் ஒரு மணி நேரம் தாமதமாக மறையும் இடத்தில் பிள்ளைகள் சுமார் அரை மணி நேரம் குறைவாகத் தூங்குகிறார்கள், மொத்தத்தில் அவர்கள் படிக்கும் ஆண்டுகளும் குறைகின்றன. தூக்கம் தொலைந்த இடத்தில் படிப்பும் தொலைகிறது. ஏழை வீடுகளில் இந்த இழப்பு கூடுதல் என்பதும் அவர் கண்டது. நம் தெருவுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை கதையும் இருக்கிறது. வாரமெல்லாம் கடன்பட்ட தூக்கத்தை அன்றைக்கு அடைக்கிறான் என்று பதினொரு மணி வரை விட்டுவிடுகிறோம். சவுதியில் மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. வாராவாரம் சனி இரவு சவுதிக்குப் போய்த் திங்கள் விடியலில் திரும்பி வந்த உடம்பு எப்படி இருக்கும், அப்படித்தான் அந்தப் பிள்ளை திங்கட்கிழமை பள்ளியில் உட்கார்ந்திருக்கும். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும். அதற்கு மேல் வேண்டியிருந்தால் மற்ற ஆறு நாளும் ஏதோ தப்பாக நடக்கிறது என்று பொருள்.

போனைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். பிள்ளையின் போனை மட்டும் பிடுங்குவது நியாயமே இல்லை. பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும் ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போகட்டும், அப்பாவுடையதும் சேர்த்து. டிவி அதற்கும் முன்பே அணையட்டும். சீரியல் நாளைக்கும் வரும். இரவுச் சாப்பாட்டைப் பத்தரை மணி வரை இழுக்காமல் எட்டு எட்டரைக்குள் முடியுங்கள். குடலுக்கும் ஈரலுக்கும் கூடத் தனித்தனிக் கடிகாரம் உண்டு. காலையில் எழுந்ததும் பிள்ளையை வெளிச்சத்துக்கு அனுப்புங்கள். மாடியில் நின்று பல் துலக்கட்டும், பால் வாங்கி வரட்டும், கோலம் போட அம்மாவோடு வாசலில் நிற்கட்டும். இருட்டறையில் டியூப் லைட்டுக்குக் கீழே படிக்கவைப்பதைவிட வாசல் திண்ணையில் உட்காரவைப்பது மேல். மேகமூட்டமான நாளின் வெளிச்சம் கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு. படுக்கும் நேரத்தை ஒரே ராத்திரியில் ஒரு மணியிலிருந்து பத்துக்குக் கொண்டுவர முடியாது. எழும் நேரத்தை முதலில் நிலையாக வையுங்கள், படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். கத்தாதீர்கள். தூக்கம் வராமல் புரளும் பிள்ளையைப் பார்த்துக் கத்தினால் வரவிருந்த தூக்கமும் போய்விடும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயது வரையான பிள்ளைகளில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அது கிட்டத்தட்ட மூன்று பிள்ளை. அந்த மூவரின் அம்மா அப்பாவும் நம்மோடுதான் நின்று பெருமை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை சோர்ந்தே கிடந்தால், பிடித்த விளையாட்டும் பிடித்த சாப்பாடும் பிடிக்காமல் போனால், விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு மறுபடி தூங்க முடியவில்லை என்றால், அல்லது பகலெல்லாம் தூங்கி வழிந்தால், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பது போல ஒரு வார்த்தை விழுந்தால், அதைக் கோபத்தில் சொன்னது என்று ஒதுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், அதுவரை தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. 104லும் ஆலோசனை கிடைக்கும். அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் என்றைக்கு வருகிறார் என்று விசாரியுங்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவு இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம். நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். கடையில் வாங்கும் தூக்க மாத்திரையும் வேண்டாம், மருத்துவர் சொல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

போகும்போது ஒரு தாளில் கடந்த இரண்டு வாரமாகப் பிள்ளை எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை மணிக்கு எழுந்தது, பகலில் எப்போது தூங்கியது என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் அதைக் கேட்பார். அதே தாளில் வீட்டில் மற்றவர்கள் விளக்கை அணைத்த நேரத்தையும் எழுதுங்கள்.